கூப்பிடு தூரம்

காலையில் இரானி டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது கதிரேசன் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "வளரு, கல்யாணமாகி மூணு மாசமாச்சு, நீ இன்னும் என்னைய ஒரு தடவகூடக் கூப்புடல, தெரியுமா?" சொல்லிவிட்டு பிஸ்கட்டை டீயில் முக்கி, அது ஒடிந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டார். அவர் அதோடு மறந்தும்விட்டார். வளர்மதிக்குத்தான் அந்த வாக்கியம், நாம்பள்ளி ஸ்டேஷனில் பெட்டிகளை ஒப்படைத்தபோதும், ஆட்டோவில் முக்கால் மணி நேரம் குலுங்கியபோதும், இப்போது கோல்கொண்டா கோட்டை வாசலில் அவர் டிக்கெட் வரிசையில் நிற்கும்போதும், பல்லிடுக்கில் மாட்டிய கொய்யா விதை மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஹைதராபாத்தில் இது கடைசி நாள். சார்மினார் ஆயிற்று, மியூசியம் ஆயிற்று, கண்ணாடி வளையல் ஆயிற்று, கோட்டை ஒன்றுதான் பாக்கி. சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் திருச்சி, உறையூரில் அவர் வீடு. இனி அவள் வீடும் அதுதான். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் தில்லைநகர் வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வந்துகொண்டிருந்தாள், வீட்டு ஒப்பந்தம் முடியட்டும் என்று ஒரு சாக்கு. ஒப்பந்தம் போன வாரம் முடிந்துவிட்டது, சாக்கும் முடிந்துவிட்டது. நாளையிலிருந்து ஒரே வீடு, ஒரே சமையல்கட்டு. ஒரு மனுஷரைக் கூப்பிடாமல் அவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? ஊர் போய்ச் சேர்வதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் கூப்பிடப் போவதில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கூப்பிடாமல் மூன்று மாதம் ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை, அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். காப்பி டம்ளரை மேசையில் நங்கென்று வைத்தால் அவர் நிமிர்வார். கூடத்தில் இருந்தால் தொண்டையைச் செருமுவாள். மொட்டை மாடிக்கு ஒரு மிஸ்டு கால். கடைத்தெருவில் முன்னால் நடந்துவிட்டால் இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டு, அவ்வளவுதான், திரும்பிவிடுவார், பழகிவிட்டது அவருக்கும். "ஓட்டல்ல சர்வரக் கூப்புடற மாதிரியில்ல இருக்கு" என்று ஒருநாள் சொன்னார், சிரித்துக்கொண்டேதான். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிற மனுஷரிடம் இதுதான் கஷ்டம், எது வலித்தது எது வலிக்கவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. இதில் பெரிய வேடிக்கை, வளர்மதியின் பிழைப்பே கூப்பிடுவதுதான். கண் ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக வெளிநோயாளிகளைப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புகிற வேலை. டோக்கன் பதினேழு குழந்தைவேலு, டோக்கன் பதினெட்டு ஆரோக்கியமேரி, டோக்கன் பத்தொன்பது அப்துல் வகாப். ஒரு நாளைக்கு நூற்றிருபது பேர். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்கள் அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து வரவேண்டும், அதனால் குரல் திருத்தமாக, அவசரமில்லாமல் இருக்கும். கதிரேசனும் அப்படி எழுந்து வந்தவர்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால், சுவரைத் தடவிக்கொண்டு. அன்றைக்கு அந்தப் பெயர் எவ்வளவு சுலபமாக வந்தது. வெறும் டோக்கனாக இருந்தவரைக்கும் எல்லாப் பெயரும் சுலபம்தான்.

டிக்கெட்டோடு அவர் வந்தார். "வா, மேல ஏறணும், முன்னூத்திச் சொச்சம் படியாம். முட்டி தாங்குமா?" அவளுடைய முட்டி தாங்கும். உங்களுக்கு பி.பி. மாத்திரை போட்டாச்சா என்று கேட்க வாயெடுத்தவள், காலையில் தானே எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். போனில் சார்ஜ் இல்லை என்று அவர் கொடுத்ததை வாங்கிப் பவர் பேங்கில் சொருகிக் கைப்பையில் போட்டாள். வாசலைத் தாண்டியதும் ஒரு குவிமாடம், அதன் அடியில் ஒரு வழிகாட்டி ஊர் ஊராக வருகிறவர்களிடம் பொறுக்கிய தமிழில், வந்தவர்களை நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "அம்மா, இங்க கை தட்டு, மேல மலை உச்சியில ராஜா இருக்காரே, அவருக்குக் கேக்கும். எதிரி வந்தா இங்கேருந்து சிக்னல்." அவர் தட்ட, மஞ்சள் தொப்பி போட்ட ஒரு கூட்டம், சேலத்திலிருந்து வந்த சுற்றுலாக் குழு, மொத்தமும் தட்டியது. குவிமாடத்துக்குள் சத்தம் போய் மோதிக் கீழே கொட்டியது. "பாத்தியா" என்றார் கதிரேசன், "உனக்குத் தோதான ஊருதான். இங்க ராஜாவையே கை தட்டித்தான் கூப்புட்டுருக்காங்க." சிரித்துக்கொண்டேதான். ஆனால் இந்தத் தடவை சிரிப்பு முடிந்த பிறகு அவர் முகம் ஒரு நொடி எங்கேயோ போய்விட்டு வந்ததை அவள் பார்த்துவிட்டாள். அப்படியானால் வலிக்கிறது. டீக்கடையில் சொன்னதும் வலித்துத்தான் சொன்னது. வளர்மதிக்கு அழுகை வந்தது, அதை வெயிலின் மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டாள்.

படிகள் அகலமாக, ஆனால் ஒன்று உயரம் ஒன்று தாழ்வாக இருந்தன. அவர் முன்னால் ஏறினார், புதுச் செருப்பு சரட் சரட்டென்றது. படி ஏறும் ஆண்பிள்ளையின் முதுகிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியாது, பதினோரு வருஷமாகவே அப்படித்தான், பாஸ்கர் போனது படியில்தானே. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி, ஆபீஸில் லிஃப்ட் வர நேரமாகிறது என்று மூன்றாவது மாடிக்கு நடந்திருக்கிறான், இரண்டாவது மாடி திருப்பத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொன்பது வயது. அவன் இவன் என்று முதல் புருஷனைச் சொல்லலாமா என்றால், அவன்தான் அப்படிப் பழக்கினான். கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டான்: "ஏங்க, ஓங்கன்னெல்லாம் இழுக்காத. எனக்கு எங்கப்பா பேருன்னு ஒண்ணு வச்சிருக்காரு. அதச் சொல்லு." முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழக்கமாயிற்று, பிறகு அதில் ஒரு ருசி வந்துவிட்டது, கூப்பிடுவதற்காகவே கூப்பிடுவாள், பாஸ்கர், பாஸ்கர், என்னடி, ஒண்ணுமில்ல. ஒன்பது வருஷம். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை, கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தபோது அவன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "பேரச் சொல்லிப் பேரச் சொல்லியே எம்புள்ள ஆயுச அரிச்சுப்புட்டாளே." அந்த அம்மாளைச் சொல்லியும் குற்றமில்லை, பெற்ற வயிறு. பதினாறாம் நாள் அவளே வந்து வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனாலும் சொன்னது சொன்னதுதான், கூடத்தில் விழுந்த வார்த்தையை யாரும் கூட்டி அள்ளவில்லை.

நம்புகிறாளா என்றால் நம்பவில்லை. டாக்டர் படம் போட்டுக் காட்டினார், இந்த ரத்தக்குழாயில் அடைப்பு, இந்தக் குழாயிலும். பாஸ்கரின் அப்பாவும் நாற்பதைத் தாண்டாதவர். சிகரெட் வேறு. எல்லாம் புத்திக்குத் தெரியும். புத்திக்குத் தெரிந்து என்ன, நாக்குக்குத் தெரியவில்லையே. தூக்கம் வராத ஒருநாள் அவள் கணக்குக்கூடப் போட்டிருக்கிறாள், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஒன்பது வருஷம், லீப் வருஷத்தை விட்டுவிட்டால் முப்பத்திரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது. அத்தனை தடவையில் எந்தத் தடவை கடைசிச் சொட்டு ஆயுளை எடுத்தது? சமையல்கட்டிலிருந்து, உப்பு பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்லிக் கூப்பிட்டதா? இப்படியெல்லாம் யோசிக்கிறவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சரி, பேர் வேண்டாம், ஊரோடு ஒத்து 'ஏங்க' என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன? அங்கேயும் ஒரு முடிச்சு. பாஸ்கருக்குப் பேர், இவருக்கு மட்டும் ஏங்கவா? அப்பன் ஆத்தாள் வைத்த பெயரைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த உரிமை இவருக்குக் கிடையாதா? ஓரவஞ்சனை இல்லையா அது? ஒருவரைக் காப்பாற்றுவதற்காக அவருக்குக் குறைவாகக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் கடைசியில் கை தட்டலில் வந்து நின்றாள், அதில் ஆயுளும் குறையாது, மரியாதையும் குறையாது என்று. இன்றைக்குத்தான் தெரிகிறது, குறைந்தது வேறு.

"வளரு, இங்க வா." அவர் பாதி வழியில் நின்று, படி ஓரத்துச் சீத்தா மரத்தடியில் குனிந்திருந்தார். உள்ளங்கையில் நாலைந்து கறுப்பு விதை. விவசாயத் துறையில் விதை ஆய்வாளர் அவர், நூறு விதையை ஈரத் தாளில் வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுகிற உத்தியோகம், எந்த ஊருக்குப் போனாலும் தரையைப் பார்த்துத்தான் நடப்பார். "முளைக்குமா?" என்றாள். "பாத்துச் சொல்ல முடியாது. தோலு கல்லு மாதிரி இருக்கும். தண்ணியில ஊறப்போட்டுக் காத்துக்கிடக்கணும், சிலது மாசக்கணக்குல சும்மா கெடக்கும், செத்துருச்சுன்னு தூக்கிப் போடப் போறப்ப முளைக்கும்." கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இவர் என்னைச் சாடையாக ஒன்றும் சொல்லவில்லை, உண்மையிலேயே விதையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும், அதனாலேயே அந்த நிமிஷம் அவரை ரொம்பப் பிடித்திருந்தது. பதினாலு வருஷம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட மனுஷர். முதல் கல்யாணம் இரண்டு வருஷத்தில் கோர்ட்டில் முடிந்தது, அந்தம்மாளைப் பற்றி ஒரு குறைகூடச் சொன்னதில்லை, ஒத்துப் போகல என்பதோடு சரி. பதினாலு வருஷமாக அந்த வீட்டுக்குள் இவரை யாரும் கூப்பிட்டதில்லை. இப்படி நினைத்ததும் வளர்மதிக்கு ஒரு படி தவறிற்று, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் மேலே ஒரு சிறை இருந்தது. யாரோ ஒரு பக்தரைப் பன்னிரண்டு வருஷம் அடைத்து வைத்திருந்தார்களாம், அவர் சுவரில் தன் சாமியைச் செதுக்கி வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம், கோபம் வந்தால் திட்டிக்கூடக் கூப்பிடுவாராம். உள்ளே வௌவால் நாற்றம். சுவரில் எண்ணெய் ஏறிய சிற்பத்தின் முன்னால் அவள் நின்றாள். பன்னிரண்டு வருஷம், ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை என்று வைத்தாலும் நாற்பது லட்சத்துக்கு மேல் வருகிறது. சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. சாமி என்பதால் ஆகவில்லை. மனுஷன் என்றால்? போதும் கணக்கு, என்று தன்னையே அதட்டிக்கொண்டு வெளியே வந்தபோது காற்று சில்லென்று அடித்தது, ஊர் முழுவதும் கீழே விரிந்து கிடந்தது.

உச்சியில் ஒரு அம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி ஒரு மண்டபம், கோயிலுக்குப் பக்கத்துப் பாறையிலும் மஞ்சளும் குங்குமமுமாகப் பூசியிருந்தார்கள். "நீ இங்க உக்காரு, அந்தக் காலத்துல மண் குழாய் வச்சே இவ்வளவு உயரத்துக்குத் தண்ணி ஏத்திருக்கான், அதப் பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துர்றேன்" என்று போனார். அவள் பாறை நிழலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். நன்றாகத்தான் இருந்தது. வந்ததும் சொல்லிவிடலாம். இங்கே நல்ல காற்று, கோயில் வாசல், யாருக்கும் நம்மைத் தெரியாது. முதலில் மெதுவாக, வாய்க்குள், க, தி, ரே. நாக்கு 'க'வில் நின்றுகொண்டது. அஞ்சு நிமிஷம் பத்தாயிற்று. பதினைந்தாயிற்று. பராக்குப் பார்க்கிற ஆள்தான், எங்காவது ஒரு விதையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பார் என்ற சொல் வந்ததும் இரண்டாவது மாடித் திருப்பம் வந்துவிட்டது. உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இன்னும் வாய் திறந்து ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே, வாய்க்குள் சொன்னதற்கேவா? அவள் செருப்பைப் போடாமலே எழுந்தாள். கோயிலைச் சுற்றி வந்தாள், மண்டபத்துக்குள் பார்த்தாள், குழாய் இருந்த இடத்தில் யாருமில்லை. போன் செய்யலாம் என்று கைப்பையில் கையை விட்டால் அவர் போன் அவள் கையிலேயே வந்தது. சார்ஜ் அறுபது காட்டியது.

அப்போதுதான் பார்த்தாள். ஏறி வந்த வழியில் இல்லை, மறுபக்கத்தில், ராணி மகாலுக்கு இறங்குகிற செங்குத்தான படிகளில், நீலக் கட்டம் போட்ட சட்டை. அவர்தான். மண்டபத்தில் ஒரு பக்கமாக அவள் அவரைத் தேடியபோது மறுபக்கமாக அவர் வந்து பார்த்திருக்க வேண்டும், தூரத்திலிருந்தே பாறையடியில் ஆளைக் காணோம் என்றதும் கூட்டத்தோடு இறங்கிவிட்டாள் என்று நினைத்து வேகமாக, புதுச் செருப்போடு, பி.பி.யோடு, அந்தப் படியில் ஓட்டமும் நடையுமாகப் போகிறார். மூச்சு வாங்குவது முதுகிலேயே தெரிகிறது. வளர்மதி கையைத் தட்டினாள். ஓங்கித் தட்டினாள். யாரும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார், கோட்டை முழுக்கக் கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள், கீழே குவிமாடத்தில் தட்டுகிறார்கள், மேலே மண்டபத்தில் பதிலுக்குத் தட்டுகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழியெல்லாம் தட்டிக்கொண்டு ஏறுகின்றன. உலகத்தில் கை தட்டலுக்கு மதிப்பே இல்லாத ஒரே இடத்துக்கு அவளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார் மனுஷர். வாய் தானாகத் திறந்தது. "ஏங்க."

திரும்பினார்கள். ஒருவர் இல்லை, ஆறு பேர். மஞ்சள் தொப்பிக்குக் கீழே ஆறு புருஷன்மார்கள், படியில் ஒருவர், மதில் ஓரத்தில் இருவர், கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தவர்கள் மூவர், அத்தனை பேரும் அழைத்தது யார், என்ன தப்பு செய்தோம் என்கிற அதே முகத்தோடு அவளைப் பார்த்தார்கள். நீலச் சட்டை மட்டும் திரும்பவில்லை. அந்த வார்த்தை தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவது, பதினாலு வருஷத்தில் அதற்குத் திரும்ப வேண்டும் என்று அவர் காதுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சேலத்துக்காரர்களில் ஒருவர், பெரிய மீசைக்காரர், தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். "யாரும்மா, நம்மாளு போறாரா? அந்த வழி ரொம்பச் சறுக்குமே. பேரு என்ன சொல்லுங்க, நான் கூப்புடறேன். எனக்குத் தொண்டை பெருசு." அவர் மனைவியும், "ஆமாக்கா, இவரு கத்துனா ஏற்காட்டுக்கே கேக்கும், பேரச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு நொடி வளர்மதிக்கு அது தெய்வமாகப் பார்த்துக் கொடுத்த வழி மாதிரிதான் இருந்தது. மீசைக்காரர் கூப்பிட்டால் கணக்கில் சேராது. வேற்று மனுஷர் வாயில் ஊர்ப்பட்ட தடவை வரட்டும், ஒரு கெடுதலும் இல்லை, தினம் ஆபீஸில் கூப்பிடுகிறார்கள், ரேஷன் கடையில் கூப்பிடுகிறார்கள். மீசைக்காரர் காதோடு சொல்லிவிட்டால் போதும். சொல்லிவிட்டு நிற்கலாம். அவர் திரும்பிப் பார்ப்பார், மீசைக்காரரைப் பார்ப்பார், பக்கத்தில் கை கட்டி நிற்கிற பெண்டாட்டியைப் பார்ப்பார், சிரிப்பார். நாளைக்கு உறையூர் வீட்டில் டம்ளரை நங்கென்று வைக்கலாம். அதற்கு அடுத்த நாளும் வைக்கலாம். இப்படியே வயதாகி ஒருநாள் இரண்டு பேரில் ஒருவர் போய்விடுவார், கூப்பிட்டாலும் போவார், கூப்பிடாவிட்டாலும் போவார், கூப்பிடாமல் போனால் கூப்பிடாமல் போனதுதான். இருபது வருஷமாகக் கண்டவர்களையெல்லாம் கூப்பிட்டவள், இவரைக் கூப்பிட ஆள் வைப்பதா? எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அவளுக்குக் கோபம் வந்தது, பாஸ்கரின் அம்மா மேல் இல்லை, தன் மேலும் இல்லை, அந்தக் கூடத்தின் மேல், அங்கே விழுந்து பதினோரு வருஷமாகக் கிடக்கிற அந்த வார்த்தையின் மேல். "இல்லண்ணா" என்றாள். "நானே கூப்புடறேன்."

மதில் ஓரத்துக்குப் போனாள். வெறுங்காலில் கல் சுட்டது. முதல் தடவை குரல் எழும்பவே இல்லை, அவளுக்கே கேட்கவில்லை.

"கதிரேசன்."

மூன்றாவது எழுத்தில் குரல் உடைந்து நாலாவதில் சேர்ந்துகொண்டது. காற்று அந்தப் பக்கமாகத்தான் அடித்தது. நீலச் சட்டை நின்றது. ஒரு கால் கீழ்ப் படியில், ஒரு கால் மேல் படியில், ஒரு கை சுவரில். அவள் அந்த முதுகையே பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் திரும்பினார், கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார், அவளைக் கண்டுபிடித்தார். பிறகு ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். சேலத்துக் குழு வழிவிட்டு நின்றது, மீசைக்காரர் எதையோ சாதித்தவர் போலத் தன் மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார்.

வந்தவருக்கு நன்றாக மூச்சிரைத்தது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். அவள் வெறுங்காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது, அதற்கு வெயிலின் மேல் பழி போடுகிற சாமர்த்தியம் அவருக்கு இல்லை.

"என்னமோ கூப்புட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். "காத்துல சரியா காதுல விழல."

அப்பட்டமான பொய். கோட்டையில் பாதிப் பேர் காதில் விழுந்திருந்தது, கரும்புச்சாறுக்காரன்கூட எட்டிப் பார்த்தான். வளர்மதி அவரை நேராகப் பார்த்து, ஒரு கை தூரத்தில் நிற்கிறவரிடம், இன்னொரு தடவை கூப்பிட்டாள்.